மெலிசுக் கம்பி

ஆம்பூரில் யாராவது கிட்டார் வாங்கினால் அதற்குக் கம்பி மாட்ட ஜெயசீலனைத் தேடித்தான் போவார்கள். அவன் கடை வைத்திருப்பவன் அல்ல. தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்டு வந்த தோலை மேஜையில் விரித்து, விரலால் தடவி, எது ஷூவுக்கு, எது கைப்பைக்கு என்று ஒதுக்கி வைப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். அன்று மதியத்துக்கு மேல் அவன் வீட்டு வாசலில் யாராவது ஒருவர் கிட்டாரோடு வந்து நிற்பார்.

வந்தவரிடம் கிட்டாரை முதலில் வாங்க மாட்டான்.

"கையக் காட்டுங்க" என்பான்.

விரல் நீளமா குட்டையா, நுனி மெத்தென்று இருக்கிறதா காய்த்திருக்கிறதா, உள்ளங்கை வேர்க்கிறதா என்று பார்ப்பான். என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்பான். அதற்கப்புறம்தான் கிட்டாரை மடியில் வாங்கி, மேல் பலகை உப்பியிருக்கிறதா, கம்பியைத் தாங்கும் கட்டை பெயர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பான். வேர்க்கிற கைக்குப் பூச்சு போட்ட கம்பி. பழைய கிட்டார் என்றால் பலகையை இழுக்காத மெல்லிய கம்பி. மைதானத்தில் கூட்டத்துக்கு நடுவே வாசிக்கிறவனுக்குப் பளிச்சென்று கேட்கிற வெண்கலம், வீட்டில் தனக்குத்தானே பாடிக்கொள்கிறவனுக்குக் கொஞ்சம் கனிந்த பாஸ்பர் வெண்கலம். ஆளைப் பார்த்து அவன் சொல்லும் கம்பி அநேகமாகத் தப்பாது.

கம்பியின் தடிமனை எண்ணால் சொல்வது வழக்கம். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, முதல் கம்பி அதில் பத்துப் பங்கு தடிமன் இருந்தால் அந்த ஆறு கம்பிக்கும் சேர்த்துப் பத்து செட் என்று பெயர். பத்து மெலிசு. பன்னிரண்டு நடுவாந்திரம். பதிமூன்று கெட்டி. எண் கூடக் கூடச் சத்தம் கூடும், அமுக்குகிற விரலுக்கு வலியும் கூடும்.

ஜெயசீலன் தன்னுடைய கிட்டாருக்கு மட்டும் எப்போதும் பதிமூன்றுதான் போடுவான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படி. சர்ச்சின் பழைய மைக் பாதி நேரம் கரகரக்கும். அது இல்லாமலேயே அவன் ஒரு தட்டு தட்டினால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தில் அவனுக்கு ஒரு பெருமை. "பத்துல வாசிச்சா கொசு கத்துற மாதிரி இருக்கும்" என்று சிரிப்பான்.

அவன் மனைவி எழிலரசி ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள். ஷூவின் மேல்தோலை மடித்து ஓரம் தைப்பது அவள் வேலை. இடது கை விரல் நுனிகளால் தோலின் விளிம்பைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நூல் கொஞ்சம் விலகினாலும் அந்தத் துண்டு ஒதுக்கப்படும். மிஷின் சத்தத்துக்குள் அவள் பாடிக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காது.

மகள் பூர்ணிமா நாலாவது படித்த வருஷம் எழிலரசி ஒரு பாட்டுக் கட்டினாள். பைபிள் கதையில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிற மரியாளைப் பற்றிய பாட்டு. 'மணலு சுடுது மரியாளே, மெல்ல நட, மெல்ல நட' என்று ஆரம்பிக்கும். தண்ணீர் இல்லாத பாலாற்றைத் தாண்டி அவள் சின்ன வயசில் பள்ளிக்கூடம் போனவள். மணலில் கால் சுடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். பூர்ணிமாவைத் தூங்க வைக்கும்போது பாடிப் பாடி மெட்டு தானாக வந்திருந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்.

"எனக்குக் கொஞ்சம் கிட்டாரு சொல்லிக் குடுக்கிறீங்களா? இந்த ஒரு பாட்டுக்கு மட்டும்."

"நீ பாடு, நான் வாசிக்கிறேன். எதுக்கு உனக்கு?"

"நானே வாசிச்சுட்டுப் பாடணும்னு ஆசையா இருக்குது."

அவன் சொல்லிக் கொடுத்தான். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தான். நாலு கார்டு, அதாவது நாலு விதமான விரல்பிடி, போதும் அந்தப் பாட்டுக்கு. மூன்று சீக்கிரம் வந்துவிட்டது. நாலாவது எஃப். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்துக் கம்பிகளை ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்கிற எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அது. 'மெல்ல நட' என்று இரண்டாவது தடவை வரும்போது அந்த எஃப் விழ வேண்டும்.

எழிலரசி வேலை முடிந்து வந்து, உலை வைத்துவிட்டு, அரிசி வேகும் நேரத்தில் கிட்டாரை எடுத்துக்கொண்டு உட்காருவாள். பதிமூன்று கம்பி அவள் விரலில் கோடு போட்டது. கோடு கொப்புளமாயிற்று. கொப்புளம் உடைந்த விரலில் மறுநாள் கம்பெனியில் சொல்யூஷன் படும். தோலை ஒட்டுகிற அந்தப் பசை புண்ணில் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டால் தோலின் விளிம்பு விரலுக்குத் தெரியாது. அவள் தைத்த துண்டுகள் கோணிப் போய்த் திரும்பி வந்தன. லைன் சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

"ரொம்ப வலிக்குதுங்க" என்றாள் ஜெயசீலனிடம்.

"விரல் காய்க்கணும். காய்ச்சுட்டா சரியாப் போவும்."

"மூணு மாசமாச்சு."

"எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

இன்னொரு நாள் கம்பியை நகத்தால் சுண்டிக்கொண்டே கேட்டாள்.

"இத விட மெலிசா கம்பி கிடைக்காதா?"

ஜெயசீலன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வேலூர் லாங் பஜாரில் வக்கார் அகமது கடையில் கண்ணாடி அலமாரிக்குள் பத்து, பதினொன்று, பட்டு நூல் சுற்றியது என்று வரிசையாகத் தொங்குவதை எத்தனையோ தரம் பார்த்தவன் அவன். வீட்டில் இருப்பது ஒரே கிட்டார். மெல்லிய கம்பி போட்டால் ஞாயிற்றுக்கிழமை அதன் சத்தம் பாதியாகிவிடும். கிறிஸ்துமஸ் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனையும் அவன் மனதில் ஓடினதாகக்கூடச் சொல்ல முடியாது. இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே சொல்லிவிட்டான்.

"கிடைக்காது. கிட்டாரு கம்பின்னா இப்படித்தான் இருக்கும்."

அவள் நம்பினாள். கிட்டாரைப் பற்றி அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவள்.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு எழிலரசி தன் பாட்டைப் பாடுவது என்று சர்ச்சில் பாடுகிற கொயரில் முடிவாகியிருந்தது. ஒத்திகைக்கு அவள் வாடாமல்லி நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். "டிசம்பர்ல மணலு எங்கம்மா சுடும்?" என்று கொயர் மாஸ்டர் சுப்பராயன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அவங்க போறது எகிப்துக்கு மாஸ்டர்" என்றாள்.

ஆரம்பித்தாள். முதல் 'மெல்ல நட' சரியாக வந்தது. இரண்டாவதில் எஃப் விழவில்லை. கம்பிகள் சலசலவென்று அதிர்ந்து செத்துப்போயின. நிறுத்தி, விரலை உதறிவிட்டு, மறுபடியும் ஆரம்பித்தாள். அதே இடத்தில் அதே சலசலப்பு. மூன்றாம் முறை பாடும்போது அவள் குரல் அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே பயந்து இறங்கியது. கொயரில் இருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயசீலனுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அவள் மடியிலிருந்த கிட்டாரை எடுத்தான்.

"விடு. நான் வாசிக்கிறேன். நீ பாட்ட மட்டும் பாடு."

அவன் வாசித்தது நன்றாக இருந்தது. சத்தமாகவும் இருந்தது. அவளுடைய வேகம் அவனுக்கு வரவில்லை, கொஞ்சம் முந்திக்கொண்டு போனான். இரண்டு வரி வரைக்கும் அவள் கூடவே ஓடி வந்தாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

"மாஸ்டர், இது வேணாம். வேற பாட்டு எடுத்துக்கலாம்."

வேறு பாட்டு எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் நன்றாகவே நடந்தது. எழிலரசி அதற்கப்புறம் கிட்டாரைத் தொடவில்லை. ஜெயசீலனும் ஏன் என்று கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், சாயங்காலங்களில் கிட்டார் தன் கைக்குத் திரும்பி வந்ததில் அவனுக்கு ஒரு நிம்மதி. யாராவது கேட்டால், "ஆசையாத்தான் ஆரம்பிச்சா. பொறுமை இல்ல" என்பான். அவள் முன்னாலேயே ஒன்றிரண்டு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறான். அவள் மறுத்துப் பேசியதில்லை.

வருஷங்கள் போயின. பூர்ணிமா நர்சிங் படித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜெயசீலன் கம்பி மாட்டுவதில் பேர் வாங்கியது இந்த இடைப்பட்ட காலத்தில்தான். பேரணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும்கூட ஆள் வர ஆரம்பித்தார்கள். யாருக்கு என்ன கம்பி என்று அவன் சொல்வதை எழிலரசி ஒருநாளும் கேட்டதில்லை. ஞாயிறு மதியம் அவள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது கூடத்தில் நறுக்கிப் போட்ட கம்பித் துணுக்குகள் கிடக்கும். காலில் குத்தாமல் பெருக்கித் தள்ளுவாள்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. சங்கக் கூட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அம்பிகா வந்தாள். அம்பிகா எழிலரசியின் லைனில் அடுத்த மிஷினில் உட்காருகிறவள், இன்னும் கல்யாணம் ஆகாதவள். காட்பாடியில் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பிய ஒரு மாணவியிடமிருந்து பழைய கிட்டார் ஒன்றை வாங்கியிருந்தாள். எங்க வீட்டுக்காரர் கிட்ட காட்டு என்று அனுப்பி வைத்ததே எழிலரசிதான்.

"அண்ணா, இது சரியா சத்தமே வர மாட்டேங்குது" என்று பையைத் திறந்தாள் அம்பிகா.

"அப்புறம் பாக்கலாம். மொதல்ல கையக் காட்டும்மா."

அவள் நீட்டினாள். இடது கை ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய பழைய தழும்பு இருந்தது. ஜெயசீலன் அவள் விரல் நுனியை லேசாக அமுக்கிப் பார்த்தான்.

"நீயும் மிஷின்ல உக்கார்றவதானே. இந்த நுனி போச்சுன்னா உனக்குப் பொழப்பு போச்சு. கெட்டிக் கம்பி உனக்கு ஆவாது."

"எல்லாரும் பன்னெண்டு போடுன்னு சொல்றாங்கண்ணா."

"சொல்றவன் மிஷின்ல உக்கார்றானா? உனக்குப் பத்து போடலாம். அத விடவும் நல்லது ஒண்ணு இருக்குது. எஃகு கம்பி மேல பட்டு நூல் சுத்தி, அதுக்கு மேல வெள்ளிப்பூச்சு கம்பி சுத்தியிருப்பாங்க. தொட்டாலே மெத்துனு இருக்கும். சத்தம் கம்மிதான், ஆனா வூட்டுல பாட அது போதும். சுருதிய அரைச் சுரம் இறக்கி வெச்சுக்கோ, இன்னும் தளர்ந்து குடுக்கும். கம்பிக்கு அடியில இருக்கிற இந்த எலும்புக் கட்டைய நான் கொஞ்சம் ராவி விடறேன், கம்பி கீழ உக்காரும். அப்புறம் பாரு, எஃப் கார்டு கூட வெண்ணெய் மாதிரி விழும்."

எழிலரசி டீ டம்ளர்களோடு உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று அவன் கவனிக்கவில்லை.

"இந்தக் கம்பி இப்ப புதுசா வந்ததா?" என்று கேட்டாள்.

ஜெயசீலன் கட்டையைக் கழற்றுவதில் இருந்தான். தலையைத் தூக்காமலேயே சொன்னான். அவனுக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டதில் ஒரு சந்தோஷம் வேறு.

"இல்லயே. ரொம்ப காலமா இருக்குது. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே வக்கார் பாய் கடைல தொங்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தான்.

எழிலரசி டம்ளர்களை ஸ்டூலில் வைத்தாள். ஒன்றை அம்பிகாவின் பக்கம் நகர்த்தினாள். "ஆறிடப் போவுது, குடிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அம்பிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. தன் கிட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். ஜெயசீலன் கம்பியைச் சுற்றினான். சுருதி கூட்டும்போது மூன்றாவது கம்பி பிடிபடாமல் ஏறி ஏறி இறங்கியது. அவனுக்கு அப்படி ஆவதில்லை.

அம்பிகா போன பிறகு ஜெயசீலன் சமையலறைக்குப் போனான். எழிலரசி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எழிலு."

அவள் நிமிராமல் இரண்டு காயை உரித்துப் போட்டாள்.

"நான் அன்னிக்குக் கேட்டேன் இல்ல? இத விட மெலிசா கிடைக்காதான்னு."

"கேட்ட."

"கிடைக்காதுன்னு சொன்னீங்க."

"கிறிஸ்துமஸ் கிட்ட வந்துடுச்சு. இருந்தது ஒரே கிட்டாரு. கம்பிய மாத்துனா சவுண்டு போய்டும்னு..."

"சவுண்டு" என்றாள் அவள்.

வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவள் அவரைக்காயை நறுக்க ஆரம்பித்தாள். கோபமாகப் பேசினால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் பேசினாள்.

"இத்தினி வருஷமும் எனக்குத்தான் வரலன்னு நெனச்சுட்டு இருந்தேங்க. என் விரலுக்கு அந்த வாகு இல்லன்னு. நீங்க நாலு பேரு கிட்ட பொறுமை இல்லன்னு சொல்றப்பகூட, சரி, உண்மைதானே சொல்றாருன்னு இருந்தேன்."

"தப்பு பண்ணிட்டேன்."

"தெரியாம சொல்லியிருந்தா பரவாயில்ல."

அவன் கூடத்துக்கு வந்து, தரையில் கிடந்த கம்பித் துணுக்குகளைத் தானே பொறுக்கினான்.

அந்த வாரம் அவனுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். காலையில் அவனுக்கு டப்பா கட்டிக் கொடுத்தாள், கம்பெனி பஸ்ஸுக்குப் போனாள், வந்தாள். அதுவே அவனை உறுத்தியது. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினான். லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் இடையில் நுழைந்து வக்கார் அகமதுவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தான்.

"வாப்பா ஜெயசீலா. யாருக்குக் கம்பி?" என்றார் வக்கார்.

"கம்பி மட்டும் இல்ல பாய். கிட்டாரும் வேணும். சின்ன உடம்பா, கழுத்து மெலிசா. பட்டு நூல் செட் போடப் போறேன்."

"யாருக்கு, அதச் சொல்லு."

"வூட்டுல."

வக்கார் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கிட்டார்களை இறக்கி வைத்தார்.

"இது கழுத்து அகலம் கம்மி. இது கொஞ்சம் ஜாஸ்தி. அவங்க விரல் எப்படி? நீளமா, குட்டையா?"

ஜெயசீலன் அவள் கையை நினைத்துப் பார்த்தான். சோறு போட்ட கை, பூர்ணிமாவுக்குப் பின்னல் போட்ட கை, டப்பாவை நீட்டுகிற கை, எல்லாம் ஞாபகம் வந்தது. விரல் எவ்வளவு நீளம் என்று மட்டும் வரவில்லை. அம்பிகாவின் விரல் நுனியில் இருந்த தழும்பு எந்தப் பக்கம் என்று அவனால் சொல்ல முடியும். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் கையைப் பிடித்துப் பார்த்தவன். தன் உள்ளங்கையைத் தானே விரித்து வைத்துக்கொண்டு, இதில் எது வரைக்கும் வரும் என்று யோசித்தபடி நின்றான்.

"தெரியல பாய்" என்றான் கடைசியில்.

"சரி, சின்னதையே எடுத்துட்டுப் போ. சரிப்படலன்னா கொண்டா, மாத்தித் தர்றேன்."

மறுநாளும் லீவு சொல்லிவிட்டு, எழிலரசி வேலைக்குப் போன பிறகு அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தான். கட்டையை ராவினான். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி உட்காரும் காடிகளை ஊசி அரத்தால் இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினான். பட்டு நூல் கம்பியை மாட்டிச் சுருதியை அரை இறக்கினான். எஃப்பைப் பிடித்துப் பார்த்தான். விரலை வைத்ததும் விழுந்தது. அமுக்கியதாகவே தெரியவில்லை. அவன் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தான். அப்புறம் தன் பழைய கிட்டாரை எடுத்து அதே எஃப்பைப் பிடித்தான். முப்பது வருஷம் பழகிய அவன் விரலிலேயே கம்பி பதிந்தது. அதற்குமேல் அவனால் வாசிக்க முடியவில்லை.

சாயங்காலம் அவள் வந்தபோது புதுக் கிட்டார் கட்டிலில் இருந்தது. பார்த்தாள். கைகால் கழுவிக்கொண்டு வந்து, முந்தானையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முதல் மூன்று கார்டுகளை அவள் விரல்கள் தேடிக் கண்டுபிடித்தன. அடுத்து ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்தாள்.

எஃப் முழுசாக, ஒரு கம்பி விடாமல் ஒலித்தது.

அவள் அதையே இன்னொரு தடவை தட்டினாள். இன்னொரு தடவை.

"இவ்ளோ சுலுவா?" என்றாள்.

அவனைக் கேட்ட மாதிரி இல்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஆனால் அவள் கிட்டாரைக் கீழே வைக்காமல் இருந்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது. பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அந்தப் பாட்ட பாடேன் எழிலு. மரியாளு பாட்டு."

அவள் யோசித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். 'மணலு சுடுது மரியாளே, மெல்ல நட, மெல்ல நட.' அந்த இரண்டாவது மெல்ல நடவில் எஃப் சரியாக விழுந்தது. அடுத்த வரிக்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். இந்தத் தடவை அடுத்த வரி வந்தது. ஆனால் அது சர்ச்சில் எல்லோரும் பாடுகிற வேறு ஒரு பாட்டின் மெட்டு. அவளுக்கே தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள். மூன்றாவது முறையும் அங்கேயேதான் போய் விழுந்தது.

"வார்த்த?" என்றான் ஜெயசீலன்.

"வார்த்தையும் இல்ல. குழந்தைக்கு நிழலுக்கு இன்னாத்தையோ புடிக்கிற மாதிரி ஒண்ணு வரும். இன்னான்னு தெரியல."

"மெதுவா ஞாபகம் வரும்."

"பாடிக்கினே இருந்தாத்தானே ஞாபகம் இருக்கும். எத்தினி வருஷமா அத வாயிலயே எடுக்கல" என்றாள். கிட்டாரைக் கட்டிலில் சாய்த்துவிட்டு உலை வைக்க எழுந்து போனாள்.

ஜெயசீலன் விடவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டான்.

"உன்ன தூங்க வைக்கிறப்ப அம்மா ஒரு பாட்டு பாடுவா, ஞாபகம் இருக்குதா? மணலு சுடுதுன்னு."

பூர்ணிமா கொஞ்சம் யோசித்தாள். "மரியாளேன்னு வரும். ஆமாப்பா, இருக்குது. ஆனா மெட்டு வரலயே. அப்புறம் ஏன்பா அம்மா அதப் பாடவே இல்ல?"

"என்னாலதான்" என்றான்.

"இன்னாப்பா சொல்றீங்க?"

"இன்னொரு நாள் சொல்றேன்ம்மா. வேலையப் பாரு."

சுப்பராயனையும் போய்க் கேட்டான். இப்போது அவருக்கு வயசாகிவிட்டது, கொயரை வேறு ஒருவர் பார்த்துக்கொள்கிறார். எகிப்து என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது, மெட்டு ஞாபகம் இல்லை என்றார். அன்றைக்கு ஒத்திகையில் இருந்த பெண்களில் யாருக்கும் நினைவில்லை. அவர்கள் கேட்டதே திரும்பத் திரும்ப ஆரம்பம் மட்டும்தான். பூர்ணிமாவை விட்டால் முழுப் பாட்டையும் கேட்டவன் அவன் ஒருவன். அடுத்த அறையில் பாயில் படுத்தபடி எத்தனையோ ராத்திரி கேட்டிருக்கிறான். அவனுக்கே அது எங்கும் தங்கவில்லை.

எழிலரசி புதுக் கிட்டாரை ஒதுக்கிவிடவில்லை. இரண்டு வாரம் வரைக்கும் அவ்வப்போது எடுத்து, தெரிந்த கீர்த்தனை ஒன்றிரண்டை வாசித்துப் பார்த்தாள். நன்றாகவே வந்தது. பிறகு எடுப்பது குறைந்தது. ஒரு நாள் தானாகவே சொன்னாள்.

"கோவம்னு நெனச்சுக்காதீங்க. கோவம்லாம் இல்ல. அன்னிக்கு இருந்த ஆசை இப்ப இல்ல, அவ்ளோதான். இத மடியில வெச்சா பாட்டு வரமாட்டேங்குது. அந்த ஒத்திகதான் வருது."

"வேற பாட்டு கட்டலாமே."

"கட்டலாம்" என்றாள், ஒரு பேச்சுக்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. சர்ச் நிறைந்திருந்தது. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று பாடும் பாட்டுக்கு ஜெயசீலன் வாசிக்க ஆரம்பித்தான். பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் எழிலரசி நின்றிருந்தாள். அவள் வாய் அசைவது தெரிந்தது. அவன் கையின் வேகத்தைக் குறைத்தான். கம்பியைத் தட்டாமல், விரல் நுனியால் வருடுவது போல வாசித்தான். ஜனங்களின் குரல் மேலே எழுந்து வந்தது. ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண்களின் குரல்களில் அவளுடையது எது என்று அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டும் கேட்டான். கீச்சென்று ஒன்று, கட்டைக்குரல் ஒன்று, சுருதி விலகின ஒன்று, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அதில் எது எழிலரசி என்று அவனால் சொல்ல முடியவில்லை.

பாட்டு முடிந்து ஜனங்கள் வெளியே போகும்போது ஆர்மோனியக்காரர் கிட்டே வந்தார்.

"இன்னா ஜெயசீலா, இன்னைக்குச் சத்தமே இல்ல?"

"ஆமாண்ணே" என்றான். கிட்டாரை உறையில் போட்டு மூடிவிட்டு, வாசலில் செருப்பு போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் போனான்.